வெள்ளைக்கல்லுக்கு அபிஷேகம்

கோயமுத்தூரில், கணபதியைத் தாண்டி, பம்பு மோட்டாருக்குத் தண்டு தேய்த்துக் கொடுக்கும் ஒரு பட்டறை இருந்தது. அந்தப் பட்டறையில் ஒரு சாணைச் சக்கரம் இருந்தது. சக்கரம் என்பது பெயருக்குத்தான். பட்டறையில் யாரும் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. கல்லு என்பார்கள். நிறம் வெள்ளை என்பதால் வெள்ளைக்கல்லு.

பெரிய சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டு விரல் கனம், நடுவில் ஒரு துளை. வெளியே பார்த்தால் கெட்டியாகத் தெரியும். உள்ளே இட்லியைப் பிட்டுப் பார்த்ததுபோலப் பொடிப்பொடியாக ஓட்டைகள். இரும்பையே சீவித் தள்ளுகிறவனுக்கு உள்ளே இத்தனை ஓட்டையா என்று யாராவது கேட்டால் வெள்ளைக்கல்லுக்குக் கோபம் வரும். ஆகவே யாரும் கேட்பதில்லை.

அது சுற்ற ஆரம்பித்தால் சுற்றுவதே தெரியாது. அவ்வளவு வேகம். முரட்டுத் தண்டு ஒன்று அதன்முன் வந்து நின்றால், தலைமுடியில் பாதி கனத்துக்கு இரும்பைச் சீவி, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துவிட்டு அனுப்பும். தலைக்குமேல் வாத்துக் கழுத்துபோல வளைந்த ஒரு குழாய். கல் சூடேறாமல் இருக்க அது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கல்லைத் தாங்கிச் சுற்றுகிறது ஸ்பிண்டில். அது எண்ணெயில் ஊறிய ஆசாமி, பேச்சு குறைவு. இவர்களையெல்லாம் ஓட்டுகிறவள் மரகதம். நாற்பதைத் தாண்டியவள். மிஷினோடு பேசுகிற பழக்கம் உண்டு. வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை என்று பட்டறையில் கேலி செய்வார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

ஆயுத பூஜை வந்தது.

முதல் நாள் சாயங்காலம் மிஷின்களையெல்லாம் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தரையைக் கழுவினார்கள். மரகதம் தன் மிஷினைக் கழுவ வேறு யாரையும் விடவில்லை. கல்லின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வருசம் பூரா நெருப்புலயே கெடக்கற. இன்னைக்கு ஒரு நாளாச்சும் நல்லாக் குளி" என்று சொல்லி ஒரு வாளியைக் கல்லின் தலையில் கவிழ்த்தாள். மனசு கேட்கவில்லை. இன்னொரு வாளி. அதற்கப்புறம் சந்தனம், குங்குமம், நெற்றி நிறைய. செவ்வந்தி மாலை ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டாள். போகிற அவசரத்தில் குழாயின் திருகை முழுசாக மூடாமல் போய்விட்டாள். அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. பொரிகடலை கட்டுவதற்கு ஆள் போதவில்லை என்று முதலாளி கிட்டுச்சாமி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூஜை. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜையன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது. ஆயுதத்துக்கு ஓய்வு. எல்லோரும் சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பட்டறை அமைதியானதும் குழாய் மெல்ல ஒரு சொட்டு விட்டது.

"சாமி, குளிருதுங்களா?"

வெள்ளைக்கல் சுற்றுமுற்றும் பார்த்தது. "யாரைச் சாமிங்கறே?"

"உங்களைத்தான். வேற யாரை? மோட்டாருக்கு ஒரே ஒரு பொட்டு. அந்த மூலையில நிக்கிற பெஞ்ச் கிரைண்டருக்கு ஒத்தைப் பூ, அதுவும் வாடினது. உங்களுக்குத்தான் முழு மாலை. குளிப்பாட்டினதும் உங்களை மட்டுந்தான். அதுக்குப் பேரு குளியலுங்களா? அபிஷேகமுங்க." இன்னொரு சொட்டு விழுந்தது.

வெள்ளைக்கல் இதுவரை அப்படி யோசித்ததில்லை. யோசித்துப் பார்த்தால் குழாய் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. வருகிற தண்டெல்லாம் யாரால் பளபளக்கிறது? மோட்டார் சுற்றிவிடுகிறதாம். சுற்றிவிடுவது ஒரு பெரிய வேலையா?

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றது வெள்ளைக்கல்.

"உங்களுக்கு இல்லாததுங்களா!" குழாய்க்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. சொட்டு, சொட்டு என்று பகல் முழுக்க ஊற்றியது. ஒவ்வொரு சொட்டும் துளைக்குத் துளை இறங்கி, கல்லின் கீழ்ப்பாதியில் போய்த் தேங்கியது. சுற்றாமல் நிற்கிற கல்லுக்கு அது பாரமாகவே தெரியவில்லை. உடம்பெல்லாம் ஜில்லென்று ஒரு சுகம். மேல்பாதியில் தண்ணீர் தங்காததை அது கவனிக்கவும் இல்லை.

சாயங்காலம் ஸ்பிண்டில் வாயைத் திறந்தது. அதுவே ஒரு அதிசயம்.

"ஏப்பா, நீ ஒரு பக்கமாக் கனக்கறயே."

"மாலை கனக்குது."

"மாலை இல்ல. கீழ இழுக்குது. ஏதோ சரியில்ல."

"உனக்குப் பொட்டுகூட வெக்கலைன்னு பொறாமை" என்றது வெள்ளைக்கல். பேசினது தப்பு என்று ஸ்பிண்டிலுக்குத் தோன்றியது.

விஜயதசமி விடிந்தது. தொழில் தொடங்குகிற நாள். காலையிலேயே கிட்டுச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றார். மரகதம் மாலையைக் கழற்றிச் சுவரில் இருந்த சாமி படத்துக்குப் போட்டாள், கல்லின் மூடியைச் சாத்தினாள், புதுத் தண்டு ஒன்றை மாட்டினாள், சாமியை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

வெள்ளைக்கல் சுற்ற ஆரம்பித்தது. முதல் நாலு சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கீழே தேங்கியிருந்த அரைச் செம்புத் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. நிற்கிறபோது சும்மா கிடக்கிற பாரம், சுற்றும்போது வெளியே பிடித்து இழுக்கும். வேகம் இரண்டு மடங்கு ஏறினால் இழுப்பு நாலு மடங்கு ஏறும். கல் சுற்றச் சுற்ற, யாரோ ஒருவன் கயிறு கட்டி ஒரே பக்கம் வெட்டி வெட்டி இழுப்பதுபோல இருந்தது.

"ஸ்பிண்டிலே, நேரா நில்லு!" என்று கத்தியது வெள்ளைக்கல்.

"நான் நேராத்தான் நிக்கறேன்! நீதான் என்னைப் பிடுங்கறே!"

"மோட்டாரு குடிச்சிட்டு வந்திருக்குது!" என்றது வெள்ளைக்கல்.

"தரை ஆடுது!" என்றது மோட்டார்.

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றது தரை.

கடகடவென்று மிஷினே ஆடியது. அலமாரியிலிருந்து ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தது. மரகதம் பொத்தானை அடித்து அணைத்துவிட்டுப் பின்னால் தாவினாள். தண்டை எடுத்துப் பார்த்தால், பளபளப்பு இருக்க வேண்டிய இடத்தில் அலை அலையாக வரி. சீப்பால் வாரிவிட்டதுபோல.

"கல்லு முகம் கோணலா இருக்கும்" என்று வைரமுனை வைத்த சீவுளியைக் கொண்டுவந்து ஒரு தடவை சீவிப் பார்த்தார்கள். சீவுளி தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் வந்தது. சீவியது, தோற்றது, பெட்டிக்குத் திரும்பியது. ஆட்டம் குறையவே இல்லை.

கிட்டுச்சாமியின் முகம் மாறிவிட்டது. இளவயதில் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தபோது, விரிசல் விட்ட கல் ஒன்று ஓடுகிற ஓட்டத்தில் வெடித்து, கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அன்று எதிரே யாரும் நிற்கவில்லை என்பதை நினைத்து இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்.

"கழட்டு அம்மிணி. தட்டிப் பாத்துரலாம்."

கல்லைக் கழற்றி, நடுத்துளையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்டுவது பட்டறை வழக்கம். நல்ல கல் வெண்கலக் கிண்ணம்போலக் கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் குரல் செத்துப்போகும். கிட்டுச்சாமி தட்டினார்.

தொத்.

இன்னொரு பக்கம் தட்டினார். தொத்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லோரையும்விட அதிகமாக நடுங்கியது வெள்ளைக்கல்தான். அது தன் குரலா? போன தடவை தட்டியபோது பட்டறை முழுக்கக் கேட்டதே.

"நீ பொய் சொல்றே" என்றது மரச்சுத்தியிடம்.

"நான் தட்டறேன், அவ்வளவுதான். சத்தம் உன்னோடது" என்றது மரச்சுத்தி. அது வருத்தமாகத்தான் சொன்னது.

"விரிசல் உட்டிருச்சு" என்றார் கிட்டுச்சாமி. "ஒடைச்சுப் போட்ரு மரகதம்."

"பாத்தா ஒண்ணும் தெரியலீங்ணா."

"உள்ளுக்குள்ள இருக்கும். அப்படியே தூக்கி வீசினா, எவனாச்சும் நல்ல கல்லுன்னு எடுத்துட்டுப் போயி மாட்டுவான். அந்த உசிருக்கு யாரு பதில் சொல்றது? ஒடைச்சுத் துண்டாக்கிரு."

மரகதம் கல்லைக் கையில் வாங்கிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "இன்னைக்கு விஜயதசமிங்ணா. தொழில் தொடங்கற நாளு. இன்னைக்கே தொழில் சாமானை ஒடைக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்குது?"

கிட்டுச்சாமி யோசித்தார். அவருக்கும் மனசு உறுத்தியது. "அதுஞ் செரிதான். நாளைக்கு வந்ததும் மொத வேலை அதுதான். நான் டவுனுக்குப் போயி புதுக் கல்லுக்குச் சொல்லிட்டு வாரேன்."

அப்படி ஒரு நாள் ஆயுள் கிடைத்தது. மரகதம் கல்லைக் கொண்டுபோய்ப் பின்கட்டில், சுவரோரம், சிமெண்டுத் தரையில் நிறுத்திச் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் பெரிய சம்மட்டி சாய்ந்திருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

"வணக்கமுங்க" என்றது சம்மட்டி.

வெள்ளைக்கல் அதன் இரும்புத் தலையைப் பார்த்தது.

"பயப்படாதீங்க. ஒரே அடிதானுங்க. ரெண்டாவது அடி எனக்கே பிடிக்காது. உங்க மாதிரி பெரிய ஆளுங்களைக் காக்க வெக்கறது மரியாதையில்லீங்க, என்ன பண்றது, நாளு நல்ல நாளாப் போச்சு. நேத்துப் பூசணிக்காய் ஒடைச்சாங்க. அதுக்குக்கூட என்னைக் கூப்பிடலை."

சம்மட்டி மரியாதைக்காரன். தலை கனம், ஆனால் தலைக்கனம் கிடையாது. அதன் மரியாதையைக் கேட்கக் கேட்க வெள்ளைக்கல்லுக்கு அழுகை முட்டியது.

நேற்று இந்நேரம் மாலை கழுத்தில் இருந்தது. இன்று சம்மட்டி பக்கத்தில். நேற்றுச் சாமி, இன்று குப்பை. எது நிஜம் என்று அதற்குப் புரியவில்லை. விரிசல் எங்கே என்று தனக்குள்ளேயே தேட ஆரம்பித்தது. உள்ளே இருந்தவை முழுக்கத் துளைகள். தேடுகிறவனுக்கு எல்லாத் துளையும் விரிசலாகத்தான் தெரியும். இதுவா, இல்லை அதுவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் தான் முழுசுமே விரிசல்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டது.

அப்போது ஒரு நினைப்பு வந்து அதை உலுக்கியது. மரகதம் என் முகத்துக்கு நேரே நின்றுதானே வேலை செய்கிறாள்? நான் ஓட்டத்தில் வெடித்திருந்தால்?

"ஏனுங்க," என்றது சம்மட்டியிடம், முதல் தடவையாக மரியாதை போட்டு. "நாளைக்கு நல்லா ஓங்கி அடிச்சிருங்க. துண்டு பெருசா இருக்க வேண்டாம்."

சம்மட்டிக்குச் சங்கடமாகப் போயிற்று.

இதற்குள் வெயில் சுவரைத் தாண்டி இறங்கிவந்து கல்லின்மேல் கையை வைத்தது. வெயில் எந்நேரமும் அவசரத்தில் இருக்கிற ஆள். போகிற வழியில் காயப்போட்ட துணி, கோலப்பொடி, மிளகாய் எல்லாவற்றிலும் ஈரத்தை வசூல் செய்துகொண்டே போகும்.

"என்ன, இவ்வளவு வெச்சிருக்கே? கொண்டா" என்றது வெயில்.

"எதை?"

"தண்ணியை."

வெள்ளைக்கல் தன்னை இறுக்கிக்கொண்டது. "அது தண்ணி இல்ல. அபிஷேகம். எனக்குன்னு ஊத்தினது. மாலையைக் கழட்டிட்டாங்க, என்னையே கழட்டிட்டாங்க. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். தரமாட்டேன்."

"எனக்கு எல்லாந் தண்ணிதான்" என்றது வெயில். "நீ தரலைன்னா போ. நான் சாயங்காலம்வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சம்மட்டி கீழே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றது. "உங்க காலடியில தரை நனைஞ்சிருக்குதே, அது எப்படிங்க?"

வெள்ளைக்கல் குனிந்து பார்த்தது. நிற்கிற இடத்தில், சிமெண்டின்மேல், பிறை வடிவத்தில் ஓர் ஈரம். "ஐயோ, கசியுதே!" என்று பதறி இன்னும் இறுக்கியது.

"நான் எத்தனையோ பேரை ஒடைச்சிருக்கேனுங்க" என்றது சம்மட்டி. "கருப்புக்கல்லு, பச்சைக்கல்லு, உங்க சொந்தக்காரங்களே நாலு பேரு. விரிசல் உட்டவங்கதான் எல்லாரும். ஆனா ஒருத்தருகூடத் தரையை நனைச்சதில்லீங்க."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு அடிக்கத்தான் தெரியும். ஆனா இப்படி ஈரத்தோட நிக்கற ஆளை அடிக்க எனக்குக் கை வரலை, அதைத்தான் சொல்றேன்."

வெள்ளைக்கல் அந்த ஈரத்தையே பார்த்தது. கனம் எப்போது ஆரம்பித்தது? ஸ்பிண்டில் சொன்னபோது. ஸ்பிண்டில் எப்போது சொன்னது? குழாய் நாள் முழுக்க ஊற்றிய பிறகு. அதற்கு முன்னால் ஆட்டம் உண்டா? இல்லை. குரல் போனது எப்போது? வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசினால் யார் குரல்தான் கணீரென்று வரும்?

நான் உடையவில்லையா?

நம்பிக்கை வந்ததும் கூடவே பயமும் வந்தது. தண்ணீரை விட்டுவிட்டு, அப்புறமும் குரல் செத்தே இருந்தால்? அபிஷேகமும் போய், உயிரும் போய்விடும். வைத்துக்கொண்டே செத்தால், சாமியாக இருந்து செத்தோம் என்றாவது இருக்கும்.

"என்ன முடிவு பண்ணினே?" என்றது வெயில். அதற்கு மேற்கே போக நேரமாகிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்கல் பட்டறைப் பக்கம் பார்த்தது. சன்னல் வழியாக மரகதம் தெரிந்தாள். வேலையில்லாமல், காலியான ஸ்பிண்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவள் ஊற்றிய தண்ணீர்தான் இது. ஆனால் அவளுக்கு வேண்டியது இந்தத் தண்ணீரைப் பத்திரமாக வைத்திருக்கிற கல் அல்ல. ஆடாமல் ஓடுகிற கல்.

"எடுத்துக்கோ" என்றது வெள்ளைக்கல்.

சொல்வது சுலபம். கீழ்ப்பாதியில் இருந்து ஈரம் துளைக்குத் துளை ஏறி வெளியே வரவர, உடம்பைப் பிழிவதுபோல இருந்தது. வெயில் இரக்கம் பார்க்கவில்லை. காலடிப் பிறை முதலில் பெரிதாகியது, அப்புறம் சுருங்கியது, அப்புறம் வெறும் தரை. வெயில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரேறிப் போனபோது வெள்ளைக்கல் காய்ந்து, லேசாகி, வெறும் கல்லாக நின்றது. வெறும் கல்லாக இருப்பது எப்படி இருக்கும் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

காலையில் மரகதம் வந்தாள். முகம் சரியில்லை. தரையில் ஒரு சாக்கை விரித்தாள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

வெள்ளைக்கல் அந்தச் சாக்கைப் பார்த்தது. உடைக்கச் சொன்ன கல்லை யாராவது மறுபடி தட்டிப் பார்ப்பார்களா? மரச்சுத்தி உள்ளே அலமாரியில் தூங்குகிறது. காய்ந்து என்ன, குரல் வந்து என்ன, யார் கேட்கப் போகிறார்கள்?

"சம்மட்டியாரே!" என்று கத்தியது. "நான் பேசறேனான்னு அவளைக் கேக்கச் சொல்லுங்க!"

"நான் சொன்னா அவங்களுக்குக் கேக்காதுங்களே" என்றது சம்மட்டி. அப்புறம் தன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டது. "அடிக்கச் சொன்னது என் தலையை வெச்சுத்தான். கைப்பிடியைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலீங்க."

மரகதம் கல்லைச் சாக்கின் நடுவில் கொண்டுவந்து, ஒரு கையால் நிறுத்திப் பிடித்தபடி, மறுகையால் சம்மட்டியை இழுத்தாள். தலை கனமான ஆசாமி தரையில் சரிந்தான். அவன் மரக் கைப்பிடி அப்படியே சாய்ந்து, கல்லின் விளிம்பில் மெல்லப் பட்டது.

கணீர்.

எங்கோ கோயில் மணி அடிக்கிறது என்று நினைத்து மரகதம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். கையில் இருந்த கல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

கல்லை விரலில் தொங்கவிட்டு, கைப்பிடியாலேயே தட்டினாள். கணீர். திருப்பித் தட்டினாள். கணீர். நாலு பக்கமும் தட்டினாள். பக்கத்துப் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

"அண்ணா! இங்க வாங்ணா! கல்லு பேசுதுங்ணா!"

கிட்டுச்சாமி டீ கிளாஸோடு ஓடிவந்தார். "நேத்துச் செத்த கல்லு இன்னைக்கு எப்படிப் பேசும்? உனக்கு ஒடைக்க மனசில்ல, அதனால அப்படிக் கேக்குது" என்றார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தானே தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். காதருகே வைத்துத் தட்டினார்.

மரகதத்தின் முகத்தில் ஏதோ ஓடியது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நாந்தான் அண்ணா. பூஜைக்கு நாந்தான் ரெண்டு வாளி ஊத்தினேன். குழாயும் நேத்துக் காலைல சொட்டிட்டிருந்துச்சு, கவனிச்சேன், ஆனா ஒண்ணும் தோணலை. தண்ணி குடிச்சுத்தான் ஆடியிருக்குது."

"ரெண்டு வாளியா? அட, பழனிக்குப் போயிருந்தாக்கூட இவ்வளவு அபிஷேகம் பாத்திருக்க முடியாதே!" என்று கிட்டுச்சாமி சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "உன்னைச் சொல்லி என்ன? ஈரத்தோட தட்டினா எந்தக் கல்லும் செத்தாப்பலதான் பேசும். எனக்குத் தெரியாததா? பயத்துல அது காஞ்சிருக்குதான்னுகூடத் தொட்டுப் பாக்கலை, ஒடைன்னுட்டேன்."

மரகதம் மறுபடி சுவரில் சாய்த்து வைத்திருந்த சம்மட்டி இதையெல்லாம் கேட்டது. "அப்ப நான் வாரேனுங்க" என்றது மரியாதையாக. "வேலை இல்லாமப் போனதுல இவ்வளவு சந்தோசம் எனக்கு எப்பவும் இருந்ததில்லீங்க."

கல்லை மறுபடி மாட்டினார்கள். மூடியைச் சாத்தி, தண்டு எதுவும் வைக்காமல், தண்ணீரும் விடாமல், இரண்டு பேரும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு ஓடவிட்டார்கள்.

முதலில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. வெயிலுக்கு எட்டாத ஆழத்தில் கொஞ்சம் ஈரம் இன்னும் பதுங்கியிருந்தது. ஸ்பிண்டில் பல்லைக் கடித்துக்கொண்டது. வேகம் ஏற ஏற, பதுங்கியிருந்தது விளிம்புக்கு வந்தது. விளிம்பை விட்டதும் அது கல்லோடு வளைந்து போகவில்லை, விட்ட இடத்திலிருந்து நேராகப் பறந்தது. மூடியில் தண்டு நுழைகிற வாய் வழியாக, எதிர்ச் சுவரில் குங்குமம் கலந்த துளிகள் கோடு போட்டதுபோல வரிசையாக விழுந்தன. கோடு கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. நடுக்கமும் நின்றுபோனது. அப்புறம் உம் என்று ஒரே சுருதி.

"அப்பாடா" என்றது ஸ்பிண்டில்.

"அன்னைக்கு நீ சொன்னதை நான் கேக்கலை" என்றது வெள்ளைக்கல்.

"செரி விடு. வேலையைப் பாரு."

மரகதம் வரி விழுந்த அதே தண்டை மாட்டினாள். குழாயைத் திறந்தாள். குழாய்க்கு முந்தாநாள் நடந்தது எதுவுமே மனசில் இல்லை. "சாமி வந்துட்டீங்களா!" என்று வாய் நிறைய ஆரம்பித்தது. வெள்ளைக்கல் அதைத் திட்டவில்லை. சூடு பறக்கிற வேலையில் குழாய் இல்லாமல் முடியாது என்று அதற்குத் தெரியும். "ஊத்து, ஊத்து" என்றது. தண்ணீர் விழுந்தது, சூட்டை வாங்கிக்கொண்டது, விளிம்பிலிருந்து தெறித்துப் போனது.

வரியெல்லாம் அழிந்து, தண்டு வெளியே வந்தது. கிட்டுச்சாமி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் மீசை தெரிந்தது.

"அடேங்கப்பா! இந்தக் கல்லுக்கு ஈடா இன்னொரு கல்லு இந்தக் கோயமுத்தூர்லயே கெடையாது" என்றார்.

குழாய் உடனே வெள்ளைக்கல்லைப் பார்த்தது. மரகதம் அடுத்த தண்டை மாட்டிவிட்டிருந்தாள், கல் அதன்மேல் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது.

முதலாளி சொன்ன வார்த்தையும் கல்லின்மேல் விழத்தான் செய்தது. கொஞ்சம் குளிர்ந்தது. கல் சுற்றிக்கொண்டிருந்ததால், அந்த வார்த்தையும் உள்ளே தங்கவில்லை.